நூற்று எண்பத்து நான்காவது உறை

கிரீஸில் வோலோஸ் துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கும் எங்கள் நெயா யோனியாப் பேட்டையில் எவாந்தியாவின் நாக்குக்குப் பயப்படாதவர்கள் இரண்டே பேர். ஒருவர் காது கேளாத பாதிரியார், இன்னொருவர் செத்துப்போன அவள் மாமியார். "நான் உள்ளதைச் சொல்றேன், சுட்டா நான் என்ன பண்ண?" என்பாள். நூல் ஆலையில் பதினெட்டு வருடம் நின்ற உடம்பு. ஆலை மூடியபின் பல்கலைக்கழகத்தில் உளவியல் துறைக்குத் தரை துடைக்கப் போனாள். ஐந்தாறு வருடத்தில் துடைப்பம் வேறு கைக்குப் போய், தபாலும் சாவிக்கொத்தும் இவள் கைக்கு வந்தன. எவாந்தியாவிடம் கொடுத்த பொருள் தொலையாது என்று பெயர். அந்தப் பெயர்மேல் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அந்தத் துறையில் ஆய்வு செய்கிற மெல்போ என்ற பெண் ஆங்கிலத்திலிருந்து ஒரு கேள்வித்தாளைக் கிரேக்கத்துக்குக் கொண்டுவந்திருந்தாள். ஒரு ஆளின் குணத்தை அறுபது வரிகளில் கேட்கிற தாள் அது. ஒவ்வொரு வரிக்கும் ஒன்றிலிருந்து ஐந்துவரை ஒரு எண்ணை வட்டமிட வேண்டும். ஒன்று என்றால் துளியும் இல்லை, ஐந்து என்றால் முழுக்க உண்மை. இங்கிலீஷ்காரனுக்கு அளந்த தாள் நமக்கும் சரியாக அளக்குமா என்று பார்க்க மெல்போ ஒரு வழி வைத்திருந்தாள். கணவன் தன்னைப் பற்றி ஒரு தாளும் மனைவியைப் பற்றி ஒரு தாளும் நிரப்புவான். மனைவியும் அப்படியே. தன்னைப் பற்றி ஒருவர் போடுகிற எண்ணும் கூடவே வாழ்கிறவர் போடுகிற எண்ணும் ஒத்துப்போனால் தாள் தேறியது. நூற்று எண்பத்து நான்கு தம்பதிகள் வேண்டும். மெல்போ ஏதென்ஸ்காரி, இங்கே அவளுக்கு நாலு பேரைத் தெரியாது. ஆள் பிடிக்கும் வேலை எவாந்தியாவிடம் வந்தது.

முடிதிருத்தகம், தேவாலய வாசல், மீன் சந்தை என்று ஒன்றையும் விடாமல் பிடித்தாள். பிடிப்பது லேசு, நிரப்ப வைப்பதுதான் பாடு. எங்கள் ஆட்கள் எந்தத் தாளையும் தனியாக நிரப்பியதில்லை. வரித்தாள் வந்தாலும் மின்சாரக் கணக்கு வந்தாலும் ஸ்டெர்யோஸின் சாராயக்கடை மேசைக்கு எடுத்துப்போய், நாலு பேர் நாலு விதமாகச் சொல்ல, ஐந்தாவது ஆள் பேனா பிடிக்க வேண்டும். இதிலும் அதே கதை. "எனக்கு எளிதில் கோபம் வரும்" என்ற வரியைப் படித்துவிட்டு அடுப்படிப் பக்கம் திரும்பி, "ஏ, எனக்குக் கோவம் வருமா?" என்று கத்தினான் ஒருவன். எவாந்தியா அவனைக் குளியலறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தி, முடித்தபின்தான் வெளியே விட்டாள். எல்லோரும் தன் கண்முன்னே உறையை ஒட்ட வேண்டும். உறைமேல் எண் மட்டும்தான், பெயர் கிடையாது. "ஒட்டிக் குடு. கடவுளே வந்து கேட்டாலும் தெறக்க மாட்டேன்" என்று வீட்டுக்கு வீடு சொன்னாள். அதை நம்பித்தான் எழுதினார்கள்.

கடைசி வாரம் ஒரு கணவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தாய் வீட்டுக்குப் போய்விட, ஒரு ஜோடி குறைந்தது. "நானும் அர்கிரிஸும் எழுதுறோம். நாங்க மட்டும் என்ன, துருக்கிக்காரங்களா?" என்றாள் எவாந்தியா. மெல்போ கொஞ்சம் தயங்கிவிட்டுச் சரி என்றாள்.

அர்கிரிஸ் அவள் கணவன். பெலியோன் மலைக்கிராமங்களுக்குப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவன். யார் என்ன சொன்னாலும் "அதுவும் சரிதான்" என்கிற சாது. மகளுக்கு மூன்று வயதாக இருந்தபோது பேருந்து நிலையத்தில் அவளை மறந்துவிட்டு வீடு வந்த கதையைப் புனிதர் பெயர்நாள் விருந்துகளில் எவாந்தியா சொல்வாள், எல்லோரும் சிரிப்பார்கள், அவனும் சிரிப்பான். வெள்ளிக்கிழமை மாலை கணவனைப் பற்றிய தாளைக் கால் மணி நேரத்தில் முடித்தாள். "பொறுப்பை நம்பிக் கொடுக்கலாம்": ஒன்று. "முடிவெடுக்கத் திணறுவார்": ஐந்து. "சோம்பேறி": ஐந்து. உள்ளதை உள்ளபடி எழுதிவிட்ட திருப்தியோடு உறையை ஒட்டினாள். அவனுடைய தாள்களை மேசையில் வைத்து, "தனியா உக்காந்து எழுது, புரியுதா?" என்று சொல்லிவிட்டுத் தங்கை வீட்டுக்குப் போனாள். திரும்பி வந்தபோது உறை ஒட்டித் தயாராக இருந்தது.

திங்கட்கிழமை காலை ரொட்டிக் கடையில் கடைக்காரி ஸ்மரோ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"என்னடி சிரிப்பு?"

"ஒண்ணுமில்ல. வெள்ளிக்கெழம ஸ்டெர்யோஸ் கடையில உனக்கு ஓட்டெடுப்பு நடந்துச்சாமே?"

"எனக்கா?"

"உன் புருஷன் ஒரு தாளோட வந்தானாம். ஸ்டெர்யோஸ் சத்தமாப் படிக்க, கடையே கை தூக்கி ஓட்டுப் போட்டுச்சாம். 'அதிகாரம் பண்ணுவாரா'ன்னு வந்தப்ப சமையக்காரன்கூட அடுப்ப விட்டுட்டு வந்து கை தூக்கினானாம்டி!"

எவாந்தியாவுக்கு முகம் குப்பென்று எரிந்தது. ரொட்டியைக்கூட வாங்காமல் நடந்தாள். ஊரையே தனியறையில் உட்கார வைத்தவள் குணத்தை, வறுத்த மீனுக்கும் சிப்புரோ என்கிற சோம்புச் சாராயக் குப்பிக்கும் நடுவே வைத்து ஊரே ஏலம் விட்டிருக்கிறது. அதையும் ஒருவன் எழுதி ஒட்டித் தந்திருக்கிறான், அவளும் வாங்கி அடுக்கியிருக்கிறாள். அந்தத் தாள் நாளைக்கு மெல்போ கைக்குப் போகும். என்னதான் எழுதியிருக்கிறான் என்று தெரியாமல் அவளால் மூச்சுவிட முடியவில்லை.

பல்கலைக்கழகத்தில் உறைகள் இருந்த அறையில் யாரும் இல்லை. காபிக்கு வைத்திருந்த கெட்டிலைப் போட்டு, ஆவியில் உறையைக் காட்டினாள். ஒட்டிய மடிப்பு எழும்பியதும் தாளை உருவினாள்.

அவளைப் பற்றிய தாளில் எண்ணெய்க் கறை, சோம்பு வாசம். வரிக்கு வரி யாரோ பென்சிலால் வட்டமிட்டிருந்தார்கள். "பிறரை மட்டம் தட்டுவார்" என்பதற்கு ஐந்தை ஆழமாக அழுத்தி இரண்டு வட்டம். எல்லாப் பென்சிலையும் ரப்பரால் தேய்த்து அழித்து, மேலே நீலப் பேனாவால் வேறு எண்கள் போட்டிருந்தது. மட்டம் தட்டுவார்: ஒன்று. இரக்கம் உள்ளவர்: ஐந்து. நேர்மையானவர்: ஐந்து. காகிதம் கிழியும் அளவுக்கு ரப்பர் தேய்த்திருந்தான். நேர்மையானவர் என்று அவன் எழுதியதை அவள் திருட்டுத்தனமாகத் திறந்து படித்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாவது தாள் அவன் தன்னைப் பற்றி நிரப்பியது. அதில் கறை இல்லை, பென்சில் இல்லை. அதை மட்டும் தனியாக உட்கார்ந்து எழுதியிருக்கிறான். பொறுப்பை நம்பிக் கொடுக்கலாம்: ஒன்று. முடிவெடுக்கத் திணறுவேன்: ஐந்து. சோம்பேறி: ஐந்து. எவாந்தியா ஒவ்வொரு வரியாக விரலை வைத்துப் பார்த்தாள். வெள்ளியன்று அவள் போட்ட எண்கள்தான், ஒன்றுகூட மாறவில்லை. முப்பது வருடம் மலை வளைவுகளில் பேருந்து ஓட்டி, ஒரு பயணிக்குக்கூடக் கீறல் விழாமல் கொண்டுவந்து சேர்த்தவன், தன்னை நம்பிப் பொறுப்பைக் கொடுக்க முடியாது என்று எழுதியிருந்தான்.

தன் உறையைக் கிழித்து எல்லாவற்றையும் திருத்திவிடலாமா என்று அதையும் கையில் எடுத்தாள். அப்போது மெல்போ உள்ளே வந்தாள்.

"என்னாச்சு எவாந்தியாம்மா? ஏன் அழறீங்க?"

"நான் ஒரு உறையத் தெறந்துட்டேன்."

மெல்போ கைப்பையை மெதுவாகக் கீழே வைத்தாள். "எந்த உறை?"

"எங்களோடது. மத்தது எதையும் தொடல, என் பிள்ள மேல சத்தியம்." சொல்லும்போதே அது எவ்வளவு அற்பமாக ஒலிக்கிறது என்று அவளுக்கே தெரிந்தது. இதுவரை எதற்கும் அவள் சத்தியம் செய்ய வேண்டி வந்ததில்லை.

"உங்கள நம்பறேன். ஆனா எல்லா உறையோட ஒட்டையும் நான் பாத்தாகணும், மன்னிச்சுக்கோங்க" என்றாள் மெல்போ. நூற்று எண்பத்து மூன்று ஜோடி உறைகளையும் சன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள். எவாந்தியா சுவரோரம் நின்றாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. எதிலும் குறை இல்லை. கடைசியில் மெல்போ எவாந்தியாவின் உறையையும் பிரித்து, அதிலிருந்த தாளை அர்கிரிஸின் தாளோடு வைத்துப் பார்த்தாள்.

"அய்யோ, இதப் போய்த் தள்ளணுமே! இப்படி ஒத்துப்போன ஜோடி வேற வராது. அவர் தன்னைப் பத்திப் போட்டதும் நீங்க போட்டதும் அச்சு அசல். அவரை இவ்வளவு சரியாத் தெரிஞ்சு வெச்சிருக்கீங்க!"

"சரியாத் தெரிஞ்சு வெக்கலம்மா" என்றாள் எவாந்தியா. "நான் சொல்லிச் சொல்லி அவர் மனப்பாடம் பண்ணிட்டார்."

சாவிக்கொத்தை எவாந்தியா தானாகவே மேசைமேல் வைத்தாள். மெல்போ எடுத்துக்கொள்ளவும் இல்லை, திருப்பிக் கொடுக்கவும் இல்லை.

மதியம் வீட்டுக்குப் போனபோது அர்கிரிஸ் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தான். கடையில் நடந்ததற்கு வசவு வரும் என்று எதிர்பார்த்தவன்போல முதுகைக் காட்டியே நின்றான். வசவு வரவில்லை என்றதும் மெல்லக் கேட்டான்.

"ஏ எவாந்தியா, என்னைப் பத்தி என்ன எழுதின?"

உள்ளதைச் சொல்கிற வாய் திறக்க மறுத்தது.

"நல்லபடியாத்தான் எழுதினேன்."

"நெசமாவா?"

"ம். பொறுப்பானவர்னு. நம்பி எதையும் குடுக்கலாம்னு."

அவன் ஈரக் கையோடு திரும்பினான். சந்தோஷப்படுவான் என்று நினைத்தாள். முகத்தில் வந்தது கவலை.

"அய்யய்யோ, அப்ப நாந்தான் தப்பா எழுதிட்டேன் போலருக்கே! அந்தப் பொண்ணுகிட்டச் சொல்லி என் தாளைத் திருப்பி வாங்கித் தரியா? திருத்திக் குடுத்திடறேன்."

எவாந்தியா கோட்டைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

"கோவப்படாத" என்றான் அர்கிரிஸ். "எனக்குத் தெரியாமப் போச்சு."