அடிப்பக்கத்தில் சுருண்ட நூல்

தைத்த துணியைத் திருப்பிப் பார்க்காதவர்களுக்கு என் மிஷினில் கோளாறு இருப்பதே தெரிந்திருக்காது. மேல்பக்கத்தில் தையல் ஏறக்குறைய நேராகத்தான் ஓடியது. அடிப்பக்கத்தில்தான் நூல் இறுகாமல் வளையம் வளையமாகத் தொங்கியது. ஆனால் எங்கள் வீட்டில் என் மாமனார் இருந்தார். கோர்ட்டில் முப்பது வருஷம் குமாஸ்தாவாக இருந்தவர். காகிதமானாலும் கத்தரிக்காயானாலும் மறுபக்கத்தைப் பார்க்காமல் கீழே வைக்கமாட்டார்.

அது யுத்த காலம். ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதியில் குடியிருந்தோம். என் கணவர் தினமும் காவிரிப் பாலத்தைத் தாண்டித் திருச்சியில் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கப் போய்வந்தார். மாமியார் என் கல்யாணத்துக்கு முன்பே போய்விட்டார். மாமனார், நாங்கள் இருவர், எங்கள் இரண்டு குழந்தைகள், இவர்களோடு என் நாத்தனார். என் கணவரின் ஒரே தங்கை. பதினைந்து வயதில் கல்யாணமாகிப் போனவள், பதினேழு வயதில் நெற்றியில் ஒன்றுமில்லாமல் திரும்பி வந்தாள். தலைமுடியை எடுக்கக்கூடாதென்று என் கணவர் ஒற்றைக்காலில் நின்றதால் அது மட்டும் தப்பியது. மற்றபடி ஒரு விதவைக்கு என்னென்ன கூடாதோ அத்தனையும் அந்த வீட்டில் அவளுக்குக் கூடாதுதான்.

மிஷின் என் அப்பா எனக்குச் சீராகக் கொடுத்தது. கையால் சக்கரத்தைச் சுற்றித் தைக்கிற மாதிரி. நான் சுமாராகத் தைப்பேன், அதுவும் பாதியில் அலுத்துப்போய் எழுந்துவிடுவேன். அவள் அப்படியில்லை. யாரும் சொல்லிக்கொடுக்காமலே, மத்தியானத்தில் எல்லோரும் கண்ணயரும்போது உட்கார்ந்து, கந்தல் துணியில் தைத்துப் பிரித்து, பிரித்துத் தைத்துக் கற்றுக்கொண்டாள். இரண்டே வருஷத்தில் என் ரவிக்கைகளெல்லாம் அவள் கைவேலை. அந்த ரவிக்கைகளை அவள் போட்டுக்கொள்ள முடியாது என்பது ஏனோ அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை.

திருச்சியில் தையல் ஆசிரியைகளைத் தயார் செய்யும் வகுப்பு ஒன்று இருப்பதாக என் கணவர்தான் விசாரித்துக்கொண்டு வந்தார். ஒரு வருஷம் அங்கேயே தங்கிப் படிக்க வேண்டும். முடித்தால் ஏதாவது பெண்கள் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைக்கும். சேர வருகிறவர்கள் தாங்களே தைத்த உருப்படிகள் இரண்டு கொண்டுவர வேண்டும். ஐப்பசிக் கடைசிவரை சேர்த்துக்கொள்வார்கள். இதைக் கேட்டதும் அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது. மாமனார் மூன்று நாள் யோசித்தார். "தைக்கட்டும். முதல்லே நான் பாக்கறேன். பழுதில்லாம இருந்தா அனுப்பறேன்" என்றார். துணி கிடைக்காத அந்தக் காலத்தில் என் கணவர் எங்கெங்கோ அலைந்து இரண்டு கெஜம் வெள்ளை மல் வாங்கிவந்தார். ஒரு ரவிக்கைக்கும் ஒரு குழந்தைச் சட்டைக்கும் அது சரியாக இருந்தது.

நவராத்திரி முடிந்ததும் தைக்கலாம் என்றேன். சரஸ்வதி பூஜையன்று ஹயக்ரீவர் படத்துக்கு முன்னால் குழந்தைகளின் புத்தகங்கள், மாமனாரின் பேனா, அரிவாள்மணை எல்லாவற்றையும் வைத்து, பக்கத்தில் மிஷினையும் தூக்கிவைத்தோம். துடைத்துப் பளபளவென்று ஆக்கிச் சந்தனமும் குங்குமமும் இட்டது நான். தாராளமாகவே இட்டேன். நாத்தனார் அன்று பூஜை அறைப்பக்கம் வரவில்லை. வழக்கப்படி கொல்லைப்பக்க அறையில் இருந்தாள். மறுநாள் விஜயதசமிக்கு மறுபூஜை முடிந்ததும், வேலையை அவள் கையால் தொடங்கக்கூடாதென்று நானே ஒரு கந்தலில் நாலு விரற்கடை தைத்தேன். அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கவில்லை. "இனிமே நீ தைச்சுக்கோ" என்று எழுந்துவிட்டேன்.

சட்டையின் முதல் தையலிலேயே அவள் கூப்பிட்டாள். "மன்னி, இதைக் கொஞ்சம் பாருங்கோளேன்." அடிப்பக்கம் முழுக்க நூல் சுருண்டு கிடந்தது. லேசாக இழுத்தால் மொத்தத் தையலும் உருவிக்கொண்டு வந்தது.

நான் உட்கார்ந்தேன். கோளாறு கீழே தெரிகிறது, ஆகவே காரணமும் கீழேதான் இருக்க வேண்டும் என்பது என் கணக்கு. அடிநூல் சுற்றியிருக்கும் பாபினை வெளியே எடுத்துத் திரும்பச் சுற்றினேன். அதன் கூட்டிலிருக்கும் சின்னத் திருகை இறுக்கினேன், நூல் அறுந்தது. தளர்த்தினேன், வளையம் வந்தது. தகட்டைக் கழற்றினேன். துணியை நகர்த்தும் பற்களுக்கடியில் பஞ்சு அடைந்து கிடந்தது. அதைக் கொண்டை ஊசியால் நோண்டி எடுத்து, மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்தேன். ஊசியை மாற்றினேன். யுத்தத்தில் ஊசிக்கும் பஞ்சம், வீட்டில் மிச்சமிருந்தது இரண்டே இரண்டு. அதில் ஒன்றைத் திருப்பிப் போட்டு ஒடித்தேன். நூல் மட்டம் என்று நூலைத் திட்டினேன். மூன்று நாள் இந்தக் கூத்து நடந்தது. மல் துணியில் ஊசி குத்திக் குத்திப் பிரித்த இடமெல்லாம் பொத்தல் தெரிய ஆரம்பித்தது.

அவளுக்குத் தெரிந்த வழி ஒன்றிருந்தது. "மேலே ஒருதரம் பாக்கலாமா மன்னி?" என்று ஒருமுறை கேட்டாள். "மேலே என்னடீ இருக்கு? எல்லாம் நான் துடைச்சுதானே வச்சேன்" என்று வாயை அடைத்துவிட்டேன்.

நாலாம் நாள் மாமனார் வந்து நின்றார். சட்டையைத் திருப்பிப் பார்த்தார். "என்ன இது?" என்றார்.

எனக்கு எரிச்சல், அவமானம், முதுகுவலி. "இவதான் சக்கரத்தைப் பின்பக்கமாச் சுத்திக் கெடுத்திருக்கா. நான் தைச்சபோது நன்னாத்தானே இருந்தது" என்றேன்.

"இல்லேப்பா. நான் சுத்தலை. நேக்குத் தெரியாதா?" என்றாள் அவள்.

"பூஜை போட்டுக் கொடுத்த சாமானை இவ தொட்டதுலேர்ந்துதான் இப்படி" என்றும் நான் சொன்னேன். சொல்லியிருக்கக்கூடாது. என்ன அர்த்தத்தில் சொன்னேனென்று மழுப்பவும் மாட்டேன். தாலியறுத்தவள் தொட்டதால் மிஷின் கெட்டது என்றுதான் அந்த நிமிஷத்தில் நினைத்தேன், அதைத்தான் சொன்னேன்.

மாமனார் துணியை மிஷின்மேல் போட்டார். "ஒரு மிஷினை ஒழுங்கா வச்சுக்கத் தெரியலை. அக்கரைக்குப் போய் இவ யாருக்கு என்ன சொல்லிக்கொடுக்கப்போறா? ஆத்தோட இருக்கட்டும்."

"கையாலே தைச்சுக் காட்டறேன்ப்பா" என்றாள். அவர் அதற்குள் உள்ளே போய்விட்டார். என் கணவர் சாயங்காலம் வந்து கொஞ்சம் வாதாடிப் பார்த்தார். அப்பாவிடம் அவர் வாதமெல்லாம் அரை நாழிகைக்குமேல் தாங்காது.

தீபாவளி வந்து போயிற்று. அதற்குச் சில நாள் கழித்து, கிழிந்த தலையணையுறையைத் தைக்கலாமென்று நான் மட்டும் மிஷினைத் திறந்தேன். மழை பெய்துகொண்டிருந்தது. நூலைக் கோத்து, துணியை அழுத்தும் பாதத்தை இறக்கிவிட்டு, ஏதோ யோசனையில் நூலை இழுத்தேன். பாதம் இறங்கியிருந்தால் நூல் இறுகிப் பிடிக்க வேண்டும். அது கிணற்றுக் கயிறு மாதிரி தடையில்லாமல் வந்தது. இழுத்து வந்த வெள்ளை நூலில் லேசாகச் சிவப்புப் படிந்திருந்தது.

மிஷினின் முகப்பில், நூலை இறுக்கிப் பிடிக்க இரண்டு சின்ன வட்டத் தட்டுகள் உண்டு. அவற்றின் திருகைக் கழற்றினேன். தட்டுகளுக்கு நடுவே சந்தனம் காய்ந்து பொருக்காக உட்கார்ந்திருந்தது. அதன்மேல் குங்குமம். தட்டுகள் ஒன்றையொன்று தொடவே முடியாமல் விலகி நின்றன. மேல்நூலுக்குப் பிடிப்பு இல்லை, அதனால் அது அடிப்பக்கத்தில் போய்ச் சுருண்டது. வட்டமாக, நெற்றி மாதிரி அழகாக இருக்கிறதென்று அங்கே ஒரு பொட்டு வைத்தது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. நீர்க்கக் கரைத்த சந்தனம் உள்ளே இறங்கியிருக்கிறது. அந்த வீட்டில் குங்குமச் சிமிழைத் தொடக்கூடாதவள் அவள் ஒருத்திதான். பழி விழுந்தது அவள்மேல்.

துடைத்துப் பூட்டித் தைத்தேன். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி விழுந்தது தையல்.

அவளைக் கூப்பிட்டுத் தட்டுகளிலிருந்து வந்த பொருக்கைக் காட்டினேன். கோபப்படுவாள், அழுவாள் என்று எதிர்பார்த்தேன். "ஐப்பசி முடிய இன்னும் ஒன்பது நாள் இருக்கு மன்னி. அப்பாகிட்ட நீங்க சொல்லுங்கோ. நான் சொன்னா நம்பமாட்டார்" என்றாள்.

"சொல்றேன்" என்றேன்.

அன்றே மீதித் துணியில் ஆரம்பித்தாள். பொத்தல் விழுந்த இடங்களை வெட்டி எறிந்து, ஒட்டுத் தெரியாமல் சேர்த்து, நாலே நாளில் இரண்டு உருப்படியையும் முடித்துவிட்டாள்.

நான் சொல்லவில்லை. முதல் நாள் மாமனாருக்குத் தலைவலி என்றிருந்தது. மறுநாள் ஏகாதசி. அப்புறம் காரணம் தேடுவதையும் விட்டுவிட்டேன். பூஜையில் செய்த தப்பு என்னுடையது என்று ஒத்துக்கொள்ளப் பயம், அது உண்மை. அதைவிடப் பெரிய உண்மை இன்னொன்று. விடியற்காலையில் எழுந்து அடுப்பு மூட்டியவள் அவள். என் இரண்டு குழந்தைகளைக் குளிப்பாட்டிச் சோறூட்டியவளும் அவள். எனக்கு அப்போது வயிற்றில் மூன்றாவது, நாலு மாசம், காலையில் தலை தூக்க முடியாது. அவள் போய்விட்டால் அந்த வீட்டை நான் தனியாக எப்படித் தள்ளுவேன் என்று நினைத்தேன். நினைத்தது இவ்வளவுதான். என் கணவரிடமும் மூச்சுவிடவில்லை.

மாமனாருக்கு நான் காபி கொண்டுபோகும்போதெல்லாம் சமையலறைக்குள் பாத்திரச் சத்தம் நின்றுவிடும். நான் காலி டம்ளரோடு திரும்பி வந்தபிறகு மறுபடி ஆரம்பிக்கும்.

கடைசி நாள் காலையில் குளித்துவிட்டுத் துவைத்த புடவையோடு வந்து என் பக்கத்தில் நின்றாள். "இன்னிக்குதானே மன்னி கடைசி?"

"ஆமாம்" என்றேன். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

அவள் அரிவாள்மணையை எடுத்துப்போட்டு வாழைக்காய் நறுக்க உட்கார்ந்தாள்.

அதற்குப் பிறகு முப்பத்திரண்டு வருஷம் அவளோடு ஒரே வீட்டில் இருந்தேன். கேட்டதற்கெல்லாம் பதில் சொல்வாள், சொன்ன வேலையெல்லாம் செய்வாள். என்னிடம் எதையும் கேட்டதில்லை. சாப்பிடும்போது உப்பு வேண்டுமென்றால்கூட, நான் பக்கத்தில் நின்று பரிமாறிக்கொண்டிருந்தாலும், அவளே எழுந்து போய் எடுத்துக்கொள்வாள்.