கீறல் விழாத ஹெல்மெட்

பாஸ்கர் அண்ணன் விழுந்துவிட்டார் என்று நம் கிரிக்கெட் குரூப்பில் செய்தி வந்தபோது நான் உடனே அனுப்பியது ஒரு மொட்டைத் தலை ஸ்டிக்கர். கூடவே, ‘விழுந்தது முடியா, ஆளா?’ என்றும் கேட்டேன். காலை எட்டரை மணி. ஆறு பேர் அதற்குச் சிரித்தீர்கள். மறுநாள் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் அவர் இறந்ததும் ஆறு பேரும் சிரிப்பை அழித்துவிட்டீர்கள். நான் கேட்ட கேள்வி இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.

நினைவஞ்சலி எழுத நான்தான் சரி, எனக்குத்தான் வாய் நீளம் என்று நீங்களே சொன்னீர்கள். எழுதுகிறேன். படித்த பிறகு என்னை அணியில் வைத்துக்கொள்வதும் நீக்குவதும் உங்கள் இஷ்டம்.

அவருக்கு முப்பத்தொரு வயது. அறுவடை மெஷின் ஓட்டுபவர். நமக்கு விக்கெட் கீப்பர். குடவாசல் பக்கம் எந்தத் திடலில் ஆடினாலும் தொப்பியோடுதான் நிற்பார், மேகம் மூடிய நாளிலும். ஆற்றுத் தண்ணீர் கடைசிவரை போய்ச் சேராத ஊர்களைக் கடைமடை என்போம். அவருடைய உச்சந்தலைக்கு அந்தப் பெயரை வைத்தவன் நான். “அண்ணே, ஓரத்துல சம்பா நல்லா நிக்குது. நடுவுலதான் தரிசு. நிவாரணத்துக்கு மனு கொடுத்தீங்களா?” என்பேன். அவர் கிளவுஸைக் கழற்றாமலே சொல்வார்: “சிரிடா. வீட்டுக்குப் போயி உங்கப்பா தலையை ஒரு தரம் பாத்துட்டு வந்து சிரி.”

போன வருஷம் கோப்பை வாங்கியபோது எடுத்த போட்டோ உங்கள் எல்லோரிடமும் இருக்கும். கேமரா சொடுக்கும் நேரத்தில் பின்னாலிருந்து அவர் தொப்பியை உருவியவன் நான். கோப்பையைவிட அவர் தலை பளபளக்கிறது என்று எழுதி ஊரெல்லாம் அனுப்பினேன். அது திருவிடைமருதூரில் அவருக்குப் பேசி முடித்திருந்த பெண் வீட்டுக்கும் போய்விட்டது. “மாப்பிள்ளைக்கு வயசு கூடுதலா தெரியுது” என்று நிறுத்திவிட்டார்கள். அவர் என்னை அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. ஒரு வாரம் கழித்து வந்து, “தஞ்சாவூருக்கு வர்றியா, தோல் டாக்டரைப் பாக்கணும். தனியாப் போகக் கூச்சமா இருக்கு” என்றார்.

டாக்டர் அறைக்கு வெளியே காத்திருந்தவர்களிடம், “தம்பிக்கு மூஞ்சியெல்லாம் பரு” என்று என்னைக் காட்டினார். உள்ளே போய்க் கதவைச் சாத்திய பிறகுதான் தொப்பியைக் கழற்றினார். தலை சிவந்திருந்தது. வழுக்கைக்கு யாரோ சொன்னார்கள் என்று சின்ன வெங்காயச் சாறும் மிளகுத் தூளும் மாதக்கணக்கில் தேய்த்திருக்கிறார். மெஷினிலிருந்து பறந்து வந்து அரிக்கும் நெல் சுணை வேறு. டாக்டரம்மா லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு, “இது சமையலா, சிகிச்சையா?” என்று கேட்டார். எனக்கு அந்த அம்மாவை உடனே பிடித்துவிட்டது.

அவர் சொன்னது எனக்கு வரி மாறாமல் ஞாபகம் இருக்கிறது. “பரம்பரையும் ஹார்மோனும் சேர்ந்துதான் முடி வேரைச் சுருக்குது. அது முதல் காரணம். ஆனா நெறைய பேருக்கு வேரைச் சுத்தி லேசான அழற்சியும் இருக்கு. உடம்போட காவல் அணுக்கள் அங்க வந்து கூடிக்கிட்டு வேரையே தொந்தரவு பண்ணும். வருஷக்கணக்குல அப்படியே விட்டா வேரைச் சுத்தித் தழும்பு மாதிரி இறுகிடும். அப்புறம் எந்த மருந்தும் உள்ள போயி எழுப்பாது.”

“எனக்கு இறுகிடுச்சாங்க?” என்று கேட்டார் அண்ணன். மாட்ச்சில் அவுட்டா இல்லையா என்று கேட்கிற குரல்.

“முழுசா இல்லை. தேய்க்கிறதை எல்லாம் நிறுத்துங்க. இந்த ஷாம்பு வாரம் ரெண்டு நாள், அரிப்பும் சிவப்பும் அடங்கட்டும். அப்புறம் மினாக்சிடில், தினமும், விடாம. மாத்திரையும் இருக்கு, அதுல பக்கவிளைவு உண்டு, யோசிச்சு ஆரம்பிப்போம். அழற்சியை மட்டும் குறி வெச்சு அடிக்கிற மருந்தை இன்னும் ஆராய்ச்சிதான் பண்றாங்க. அப்படி எவனாவது வித்தா வாங்காதீங்க. இருக்கிற முடியைக் காப்பாத்தலாம், கொஞ்சம் திரும்ப வரலாம். போனது எல்லாத்தையும் கூப்பிட முடியாது.”

எழுந்திருக்கும்போது அண்ணன் கேட்டார்: “ஹெல்மெட் போட்டா கொட்டுங்களா?”

“கொட்டாது. உள் துணியைத் துவைச்சு வெச்சுக்குங்க. கண்டிப்பா போடுங்க.”

திரும்பி வரும் வழியிலேயே ஒரு நல்ல ஹெல்மெட் வாங்கினார். கறுப்பு. “தலைக்குச் செலவு பண்ற அன்னைக்கே இதையும் பண்ணிடுவோம்” என்றார்.

ஐந்தாம் மாதம் என்னைக் கூப்பிட்டுத் தலையைக் குனிந்து காட்டினார். நடுவில் பூனை முடி மாதிரி மெல்லியதாக, ஆனால் நிஜமாகவே முளைத்திருந்தது. “நாத்து விட்டிருக்குடா” என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை தொப்பி இல்லாமல் கீப்பிங் செய்ய வந்தார். நீங்கள் எல்லாம் கை தட்டினீர்கள். என் பிழைப்புதான் படுத்துவிட்டது. கடைமடைக்குத் தண்ணீர் வந்த பிறகு அந்தப் பெயரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

அதனால் ஒரு செய்தி எழுதினேன். உங்கள் போனிலும் இருக்கும், தேடிப் பாருங்கள். ‘அவசர எச்சரிக்கை. முடி வேரில் அழற்சி உள்ளவர்கள் ஹெல்மெட் அணியாதீர்கள். உள்ளே சேரும் சூடு அழற்சியைக் கிளறிவிடும். புதிதாக முளைத்த முடி ஏழே நாளில் உதிரும். புதிய ஆராய்ச்சி. பத்துப் பேருக்காவது பகிருங்கள்.’ டாக்டரம்மாவின் சொற்களை எடுத்து என் பொய்யைச் செருகினேன். நேராக அனுப்பினால் நான்தான் என்று தெரிந்துவிடும். சம்பந்தமே இல்லாத ஒரு குரூப்பில் போட்டுவிட்டு, அது சுற்றி வந்து அவரைப் பிடிக்கட்டும் என்று காத்திருந்தேன்.

மூன்று வாரத்தில் வந்தது. மெஷின் முதலாளி அனுப்பியிருக்கிறார், அண்ணனுடைய அக்காவும் அனுப்பியிருக்கிறார். அண்ணன் போனை நீட்டிக்கொண்டே என்னிடம் வந்தார்.

“டாக்டரு வேற மாதிரி சொன்ன ஞாபகம்டா. நீயும் இருந்தியே. ஹெல்மெட்டைப் பத்தி என்ன சொன்னாங்க?”

“எனக்கு ஞாபகம் இல்லைண்ணே” என்றேன். சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

“அப்ப இதுதான் புதுசு போலிருக்கு. அஞ்சு மாசப் பாடு, எதுக்கு வம்பு?” என்று சொல்லிவிட்டு ஹெல்மெட்டை வண்டிக் கண்ணாடியில் மாட்டினார். போலீஸ் நிற்கிற இடத்தில் மட்டும் எடுத்துப் போட்டுக்கொள்வார். இரண்டு நாளில் உண்மையைச் சொல்லி மானத்தை வாங்கலாம் என்று நினைத்திருந்தேன். பரீட்சை வந்தது, மறந்துவிட்டேன். இந்த ஒன்று மட்டும் நிஜமாகவே மறந்தது.

அன்று காலை அவர் மெஷினுக்குப் போய்க்கொண்டிருந்தார். பாதி ரோட்டை அடைத்து யாரோ நெல்லைக் காயப்போட்டிருந்தார்கள். எதிரே பஸ் வர, ஒதுங்கியவர் நெல்லில் ஏறிச் சறுக்கினார். கையில் காலில் ஒரு சிராய்ப்பு இல்லை. அடி தலையில் மட்டும், நெல்லைத் தாண்டித் தார் ரோட்டில். கண்ணாடியில் மாட்டியிருந்த ஹெல்மெட் நெல் மேல் கிடந்தது. ஆபரேஷனுக்காகத் தலையை முழுக்க மழித்தார்கள். தரிசு, சம்பா, நாற்று எல்லாம் ஒரே அறுவடையில் போனது. இப்படி எழுதுகிற கையை வெட்ட வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றினால், எனக்கும் தோன்றுகிறது. ஆனால் அவரைப் பற்றி எனக்கு இப்படித்தான் பேச வருகிறது, வேறு மொழி நான் பழகவில்லை.

கடைத்தெருவில் நாம் வைத்த கண்ணீர் அஞ்சலி பேனரில் அவருக்கு அடர்த்தியான முடி. பேனர் கடைக்காரர், “முடி வெச்சிடவா?” என்று கேட்டபோது நீங்கள் எல்லாம் என்னைப் பார்த்தீர்கள். வைக்கச் சொன்னேன். மூன்று நிமிடத்தில் வைத்துவிட்டார். காற்றில் அது ஆடும்போது அது அவர் இல்லை என்று நன்றாகத் தெரிகிறது. அவரைக் கடைசியாக ஒருமுறை கேலி செய்தது அந்த பேனர்தான். அதுவும் என் வேலை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து அவருடைய அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “உன்னையத்தான்பா எப்பவும் சொல்லிக்கிட்டிருப்பான், டாக்டருகிட்ட கூட வந்த ஒரே புள்ளைன்னு. நீ வண்டி எடுக்கப் போறியாம், இதைப் போட்டுக்க” என்று ஹெல்மெட்டைக் கையில் கொடுத்தார். செய்தி எழுதியது யார் என்று அவருக்குத் தெரியாது. இதை நீங்கள் படிக்கும்போது தெரிந்திருக்கும்; அவரிடம் சொல்லிவிட்டுத்தான் உங்களுக்கு அனுப்புகிறேன்.

நேற்று அந்தச் செய்தி எங்கள் சொந்தக்காரர்கள் குரூப்பில் என் அம்மாவுக்கு வந்தது. கீழே யாரோ ‘பயனுள்ள தகவல்’ என்று சேர்த்திருக்கிறார்கள். பொய் என்று பதில் போட்டேன். நான் விளையாடுகிறேன் என்று சிரித்தார்கள்.

அவருடையது என்று என்னிடம் இருப்பது அந்த ஹெல்மெட் ஒன்றுதான். மேலே ஒரு கீறல் இல்லை. உள் துணியைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தேன், ஒரு முடி ஒட்டியிருக்குமா என்று. இல்லை. டாக்டரம்மா சொன்னபடி துவைத்து வைத்திருக்கிறார். அதன் பிறகு போட்டால்தானே ஒட்டும்.