காப்புக் கட்டிய ஊரில் ஒரு வயிற்றுப்பிள்ளை

சித்ரா டீச்சருக்குத் தொழிலே ஆஜர் எடுப்பதுதான். பள்ளத்தூர்ப் பக்கம் ஒரு தொடக்கப்பள்ளியில் மூன்றாம் வகுப்பு. பிரசவ விடுப்பில் வீட்டில் உட்கார்ந்த பிறகும் பழக்கம் விடவில்லை. காலைச் சாப்பாடு முடிந்ததும் இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்து, வயிற்றில் இருப்பவருக்கு ஆஜர் எடுப்பாள். ஓர் உதை, ஒரு புரளல், விலாவில் ஒரு முழங்கை. பத்து சேர அரை மணி நேரம்கூட ஆகாது. ஒழுங்கான பிள்ளை.

ஊர்த் திருவிழாவின் மூன்றாம் நாள் காலையில் ஒரு மணி நேரம் படுத்திருந்தாள். வந்தது இரண்டு. அவையும் உதை இல்லை; தூக்கத்தில் யாரோ போர்வையை இழுத்துக்கொள்வது மாதிரி. முந்தின நாள் சாயங்காலமே குறைந்திருந்தது. மேளச் சத்தத்தில் தனக்குத்தான் தெரியவில்லை என்று நினைத்துவிட்டாள். இப்போது மேளமும் இல்லை.

"என்னங்க, பிள்ளை சரியா அசையலை" என்றாள்.

கணவன் அழகுராஜா குட்டி யானை வண்டி வைத்து லோடு அடிப்பவன். எதற்கும் உடனே வழி கண்டுபிடிப்பவன். செல்போனில் ஏதோ ஒரு செயலியை இறக்கி, போனை அவள் வயிற்றில் வைத்தான். டப், டப் என்று கேட்டது. திரையில் எண்பத்திரண்டு.

"கேக்குதா? குதிரை மாதிரி ஓடுது. நீயா பயந்துக்கிற."

சித்ரா தன் மணிக்கட்டில் விரலை வைத்துப் பார்த்தாள். அதே டப், அதே டப். செக்கப்புக்குப் போகும்போதெல்லாம் நர்ஸ் பிள்ளைக்கு நூற்று நாற்பது என்று சொல்வது நினைவுக்கு வந்தது. "இது என் துடிப்பு" என்றாள். அழகுராஜா போனை உதறிப் பார்த்தான். உதறினால் நூற்று நாற்பது ஆகிவிடும் என்று நம்பியிருக்கலாம்.

அதற்குள் பக்கத்து வீட்டுச் செந்தாமரை வந்துவிட்டாள். மூன்று பெற்றவள், ஆகவே முழு மருத்துவர்.

"ஒம்பதாம் மாசம்டி. இடம் பத்தாது. கூட்டமான பஸ்ல நிக்கிற ஆளு கையைக் காலை ஆட்டுவானா? மடக்கிக்கிட்டுத்தான் நிப்பான். சில்லுன்னு ரோஸ்மில்க் குடி, துள்ளுவான்."

குடித்தாள். துள்ளவில்லை. இன்னும் ஒரு டம்ளர் குடித்தாள். ரோஸ்மில்க்குதான் துள்ளியது, வாந்தி.

"ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்று சித்ரா எழுந்து நின்றாள். அப்போதுதான் வீட்டில் எல்லோருக்கும் காப்பு நினைவுக்கு வந்தது.

அந்த ஊரில் அம்மனுக்குக் காப்புக் கட்டிவிட்டால் எட்டு நாள் யாரும் வெளியூரில் இராத்தங்கக் கூடாது. பகலில் போகலாம், பொழுது சாய்வதற்குள் எல்லைக்குள் வந்துவிட வேண்டும். வளைகாப்பு முடிந்து நெற்குப்பைத் தாய்வீட்டுக்குப் போயிருக்க வேண்டிய சித்ராவையே இதைச் சொல்லித்தான் நிறுத்தி வைத்திருந்தார்கள். ஆஸ்பத்திரி இருக்கும் காரைக்குடி பக்கம்தான். போய் வரலாம். ஆனால் ஆஸ்பத்திரியில் படுக்கச் சொல்லிவிட்டால்?

ஊரின் அம்பலம், அதாவது தலைவர், லட்சுமணன். அழகுராஜாவுக்குச் சொந்தப் பெரியப்பா. கேட்டுவிட்டே போகலாம் என்று அழகுராஜா கோயில் வாசலுக்கு ஓடினான். அங்கே பந்தல் நிழலில் பெரியப்பாவோடு சேர்த்து ஆறு பேர் இருந்தார்கள். விஷயத்தைச் சொன்னதும் ஆறு பேருக்கும் முகம் தெளிந்தது. பேசுவதற்கு ஒன்று கிடைத்துவிட்டது.

"போகட்டும், பொழுதுக்குள்ள திரும்பிறணும்."

"பெட்டுல போட்டுட்டா?"

"எழுதிக் குடுத்துட்டு வந்திற வேண்டியதுதான்."

"ஏப்பா, இன்னொண்ணு இருக்குல்ல. அங்கனயே பிள்ளை பிறந்துட்டா? பிறந்த பிள்ளையும் நம்ம ஊரு ஆளுதானே? காப்புக் கட்டுனப்ப எல்லைக்குள்ளதானே இருந்துச்சு?"

நியாயமான கேள்வி. பிறக்காத ஒருவரின் இராத்தங்கல் பற்றி ஆறு பேரும் ஆழ்ந்து யோசித்தார்கள். ஒருவர் டீ வாங்கிவரச் சொன்னார்.

பதினைந்து நிமிடம் போயிற்று. அழகுராஜா கையைக் கட்டிக்கொண்டு நின்றான். முதுகுக்குப் பின்னால் வண்டி கிளம்பும் சத்தம் கேட்டுத் திரும்பினான். அவனுடைய வண்டிதான். ஓட்டுபவர் செந்தாமரை வீட்டுக்காரர். முன்னால் சித்ரா, அவளைப் பிடித்தபடி அழகுராஜாவின் அம்மா பொன்னழகு. பின்னால் திருவிழாவுக்கு ஏற்றிய குழாய் ஸ்பீக்கர்கள் நான்கு, இறக்காமல்.

பந்தலே எழுந்து நின்று பார்த்தது. காரணம் உண்டு. பொன்னழகு என்றால் விரதத்தின் மறுபெயர். காப்புக் கட்டிய வீட்டில் அப்பளம் பொரிக்கிற வாசம் வந்தாலே கதவைத் தட்டுபவள். போகக் கூடாது என்று யாராவது குறுக்கே படுத்தால் அது அவளாகத்தான் இருக்கும் என்று எல்லோரும் நம்பியிருந்தார்கள். சித்ராவும்.

"ஏ பொன்னழகு, எங்குட்டுப் போறீக? பேசிக்கிட்டு இருக்கோம்ல" என்றார் லட்சுமணன்.

"நீங்க பேசி முடிங்க, பெரியத்தான். நாங்க போயிட்டு வாரோம்."

அழகுராஜா ஓடிப்போய்ப் பின்னால் தொற்றி ஏறி, ஸ்பீக்கரைக் கட்டிப்பிடித்துக்கொண்டான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் நித்யஸ்ரீ, வயிற்றில் பட்டை கட்டி இயந்திரத்தை ஓட விட்டார். காகிதத்தில் பிள்ளையின் துடிப்பு கோடாக வந்தது. மலையும் பள்ளமுமாக வரவேண்டிய கோடு, தார் போட்ட சாலையாகப் போனது.

"எப்ப இருந்து குறைஞ்சது?"

"நேத்து சாயங்காலம்."

"அப்பவே வர்றதுக்கென்ன?"

"தெரியலை மேடம். பிறகு... காப்புக் கட்டியிருக்கு."

டாக்டர் சித்ராவின் கையைப் பார்த்தார். "யாருக்கு?"

"ஊருக்கு."

டாக்டர் காகிதத்தைக் கிழித்து எடுத்தார். "கடைசி மாசத்துல அசைவு குறையும்னு யார் சொன்னாலும் நம்பாதீங்க. குறைஞ்சா அன்னிக்கே வரணும். நீரும் கம்மியா இருக்கு. இப்பவே எடுக்கணும்" என்று சொல்லிக்கொண்டே நடந்தார். சக்கரப் படுக்கை அவர் பின்னால் ஓடியது.

வெளியே பெஞ்சில் அம்மாவும் மகனும்.

"ராத்தங்கணுமேம்மா" என்றான் அழகுராஜா. வேறு எதைச் சொல்வதென்று தெரியாத வாய் அது.

"தங்குவோம்."

"நீயா சொல்ற?"

பொன்னழகு எதிர்ச் சுவரைப் பார்த்தபடி, ரேஷன் கடை நேரத்தைச் சொல்வது போலச் சொன்னாள். "உனக்கு மூத்தது ஒண்ணு இருந்துச்சு. இதே திருவிழா. அஞ்சாம் நாள் அசைவு நின்னுச்சு. சொன்னேன். ஒங்க பெரியப்பா, காப்பு அவுக்கட்டும் பாத்துக்கலாம்னாக. எட்டாம் நாள் அவுத்தாக. ஒம்பதாம் நாள் ஆஸ்பத்திரி. பொம்பளப் பிள்ளை. கண்ணு மூடியே இருந்துச்சு."

அழகுராஜாவுக்கு முப்பத்தொரு வயது. தலைப்பிள்ளை என்று பட்டம் கட்டி, சாமி தீபாராதனைக்கு முதலில் நிறுத்தி வளர்த்த தலைப்பிள்ளை.   உட்கார்ந்த இடத்திலேயே சுவரில் சாய்ந்தான்.

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியாமலா? கோயில்ல பேசக் கூடாதுன்னாக. வீட்டுலயும் பேசலை."

உள்ளே ஒரு சத்தம். அழுகை என்று சொல்ல முடியாது, பூனை தும்மியது போல. பிறகு மெள்ள அது அழுகையாயிற்று. பெண் குழந்தை. இரண்டு கிலோ நூறு. சூட்டுப் பெட்டியில் நாலு நாள் வைக்க வேண்டும். அம்மா நலம். "இன்னும் ஒரு நாள் விட்டிருந்தா என் கையில ஒண்ணுமில்ல" என்றார் டாக்டர். பொன்னழகு மட்டும்தான் தலையாட்டினாள்.

பொழுது சாய்வதற்குச் சற்று முன் லட்சுமணனின் போன் வந்தது. பொன்னழகு வாங்கிக்கொண்டாள்.

"வந்துருவீகளா? தெய்வக் குத்தம் ஆயிரும் பாத்துக்க."

"ஆகட்டும். ஒண்ணு ஏற்கனவே இருக்கு, பெரியத்தான். அது யாரு பேருல இருக்குன்னு அம்மனுக்குத் தெரியும்."

லட்சுமணன் போனை வைத்துவிட்டார். 

மறுநாள் காலை ஊரில் மைக்கில் ஓர் அறிவிப்பு. சூலிகளுக்கும் சீக்காளிகளுக்கும் காப்பு விதி கிடையாது. ஆதியிலிருந்தே ஊர் வழக்கம் அதுதான். அறிவித்தவர் லட்சுமணன். பந்தலில் மற்ற ஐந்து பேரும் ஆமாம், ஆமாம், தாத்தன் காலத்திலேயே உண்டு என்றார்களாம். செந்தாமரை ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு இதை ஒரு சந்தோஷச் செய்தியாகச் சொன்னாள்.

பொன்னழகு அப்போது குழந்தையின் துணியை அலசிக்கொண்டிருந்தாள். கடைசி வரை கேட்டாள். சிரிக்கவில்லை.

"ஆதியிலருந்தா?" என்றாள். துணியை இன்னும் ஒரு முறை பிழிந்தாள். அதில் தண்ணீரே இல்லை.