பெரியப்பா சொன்ன பதில்

நான் நான்காம் வகுப்பு படித்த வருடம், நவரை அறுவடையின் நடுவில், நெல் அறுக்கும் மெஷினை விட்டு இறங்கிய பெரியப்பா அப்படியே வரப்பில் சரிந்தார். ஸ்ட்ரோக் என்றார்கள். இரண்டு மாதம் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு எங்கள் ஊர் சாலவாக்கத்துக்குத் திரும்பி வந்தவருக்குக் கண்ணிமைகளைத் தவிர எதுவும் அசையவில்லை. நினைவும் போய்விட்டதென்றே எல்லோரும் முடிவு கட்டிவிட்டதால், அவர் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து அவரைப் பற்றியே தாராளமாகப் பேசினார்கள்.

பெரியம்மா அவரைப் புரட்டிப் படுக்கவைத்து, குழாயில் கஞ்சி ஊற்றி, முதுகில் புண் வராமல் பார்த்துப் பார்த்து ஓய்ந்துபோயிருந்தாள். ஒருநாள் பார்க்க வந்த பக்கத்து வீட்டு அத்தையிடம், "இப்டி கெடக்கறதுக்கு அன்னிக்கே போய் சேந்திருந்தா அவருக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி" என்றாள். நானும் அங்கேதான் இருந்தேன்.

அவர்கள் மகள், நர்சிங் படித்துக்கொண்டிருந்த அக்கா, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் லேப்டாப்பில் ஏதோ வெளிநாட்டுப் படம் போட்டாள். பெரியப்பாவைப் போலவே கிடக்கும் ஒரு தபால்காரரின் கதை. அவருக்கு எல்லாம் கேட்கிறது, எல்லாம் புரிகிறது. கண்ணை மூடித் திறந்தே பதில் சொல்கிறார். அக்கா தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். பாதியில் பெரியம்மா எழுந்து தோட்டத்துப் பக்கம் போய்விட்டாள். படம் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன்.

படம் முடிந்ததும் அக்கா பெரியப்பாவின் முகத்தருகே குனிந்தாள். ஆமாம் என்றால் ஒரு முறை, இல்லையென்றால் இரண்டு முறை கண்ணை மூடச் சொன்னாள். இத்தனை நாளும் நாங்கள் பேசியதெல்லாம் கேட்டதா என்று கேட்டாள். அவர் ஒரு முறை மூடித் திறந்தார். அக்கா அழுதுகொண்டே டாக்டருக்குப் போன் செய்ய வாசலுக்கு ஓடினாள்.

ஈரக் கையோடு உள்ளே வந்த பெரியம்மா, "எப்டிடி கேக்கணும்?" என்றாள். சொல்லிக்கொடுத்தேன். அவள் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அவர் பக்கம் குனிந்தாள்.

"அன்னிக்கு நான் பேசனது உங்க காதுல வுழுந்துச்சா?"

இரண்டு முறை.

"தப்பு பெரிம்மா. எல்லாம் கேட்டுச்சுன்னு இப்பத்தான் சொன்னாரு. இன்னொரு வாட்டி கேளு."

அவள் கேட்டாள். பெரியப்பா அவளையே பார்த்தபடி, மெதுவாக, மறுபடியும் இரண்டு முறை மூடித் திறந்தார். பெரியம்மா அவர் நெஞ்சில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

பாவம், அவருக்குக் கணக்கு குழம்பிவிட்டது என்று நினைத்தேன். மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கட்டிலருகே உட்கார்ந்து, ஒன்று என்றால் ஆமாம், இரண்டு என்றால் இல்லை என்று முதலிலிருந்து அவருக்குச் சொல்லிக்கொடுத்தேன். அவரும் பொறுமையாகக் கற்றுக்கொண்டார்.