தாய்மாமன் தூங்குகிறார்

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் காளையைத் தெரியாத ஆள் ஒருவர் இருந்தால், அவர் பஸ்ஸைத் தவறவிட்டு வழி மாறி உள்ளே வந்தவராகத்தான் இருப்பார். கமிஷன் கடையில் ஏலம் விடுகிறவர் காளை. வீடு திருநகரில். ஊர் படுக்கப் போகிற நேரத்தில் வண்டியைக் கிளப்பினால், வெயில் ஏறிய பிறகுதான் திரும்புவார். வந்ததும் படுத்துவிடுவார் என்று நினைத்தால் நீங்கள் அந்த மனிதரை அறியாதவர். குளித்து, வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு ஏதாவது விசேஷ வீட்டுக்குக் கிளம்பிவிடுவார். சொந்தத்தில் யார் வீட்டில் என்ன நடந்தாலும் பூமாலைக்கு அவரிடம்தான் சொல்வார்கள். மாலையை அனுப்பிவிட்டு ஆள் போகாமல் இருந்தால் அது என்ன சொந்தம் என்பது அவர் கட்சி.

சாயங்காலம் சோறு தின்றுவிட்டு ஒரு நாலு மணி நேரம் கண்ணை மூடுவார். அவ்வளவுதான் தூக்கம். "எங்க வீட்டுக்காரரு தூங்கவே மாட்டாரு" என்று மனைவி ஜெயக்கொடி அக்கம்பக்கத்தில் பெருமையடித்துக்கொள்வாள். தூங்கா நகரம் என்று மதுரைக்குப் பெயர் வந்ததே தன்னால்தான் என்பதுபோல் காளையும் மீசையைத் தடவிக்கொள்வார்.

போன ஆடியில் மார்க்கெட்டில் ஒரு மருத்துவ முகாம் போட்டார்கள். காளைக்குச் சர்க்கரை இன்னும் வரவில்லை, ஆனால் வாசல்வரை வந்து நிற்கிறது என்று சொன்னார்கள். காளை சிரித்துக்கொண்டு வந்து சொன்னார். ஜெயக்கொடிக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் கல்யாணமாகி வந்த வருஷம், மாமனாரின் காலில் சர்க்கரையால் ஆறாத புண். தினமும் கழுவிக் கட்டுப்போட்டவள் அவள். கடைசியில் பாதத்தையே எடுத்தார்கள். அந்தப் புண்ணின் வாடை அவளுக்கு இன்றைக்கும் மறக்கவில்லை. இந்த மனிதரின் கால்களை அப்படிப் பார்க்க அவளால் முடியாது.

இனிப்பைக் குறைக்க வேண்டும், நன்றாக நடக்க வேண்டும் என்று முகாமில் சொல்லியிருந்தார்கள். ஜெயக்கொடி வீட்டில் சீனி டப்பாவையே ஒழித்தாள். காலையில் பாகற்காய்ச் சாறு, மதியம் அளந்து சோறு. நடப்பதற்குத்தான் நேரம் இல்லை. அதற்கும் காளை ஒரு வழி கண்டுபிடித்தார். தூக்கத்தில் ஒரு மணி நேரத்தை வெட்டினார்! சீக்கிரமே எழுந்து, மார்க்கெட்டுக்குப் போவதற்கு முன்னால் திருநகர் தெருக்களைச் சுற்றி வந்தார். நாய்கள் பின்னாலேயே குரைத்துக்கொண்டு வந்தன. எம்புட்டு அக்கறையான மனுசன் என்று தெருவே மெச்சியது. ஜெயக்கொடியும் மெச்சினாள்.

மறுபடி சோதித்தபோது சர்க்கரை கூடியிருந்தது.

ஜெயக்கொடிக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. "மார்க்கெட்டுல அல்வாவ வாங்கி அமுக்குறீகளா?" என்று கேட்டாள். காளை சாமி சத்தியம் செய்தார். அவள் நம்பவில்லை. அதே கடையில் வேலை பார்க்கும் தன் தம்பி சிவக்குமாரைக் கண்காணிக்கச் சொன்னாள். அவன் ஒரு வாரம் பார்த்துவிட்டு வந்து, "அக்கா, மச்சான் டீயக்கூட சீனியில்லாமத்தான் குடிக்கிறாரு. எனக்கே பாவமா இருக்கு" என்றான். அவன் முகத்தைப் பார்த்ததும் ஜெயக்கொடிக்கு வெட்கமாகிவிட்டது. கட்டினவரைத் திருடன்போல வேவு பார்த்தோமே என்று அன்று முழுக்க உள்ளுக்குள் குமைந்தாள். ஆனால் அல்வா இல்லையென்றால் வேறு என்ன? பயம் இரண்டு மடங்கானது.

திருநகரில் புதிதாகக் கிளினிக் வைத்திருந்த டாக்டர் பவதாரிணியிடம் கூட்டிக்கொண்டு போனாள். அந்தப் பெண் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தினமும் எம்புட்டு நேரம் தூங்குவீங்க?" என்றார்.

"அவரு தூங்கவே மாட்டாரு டாக்டர்" என்றாள் ஜெயக்கொடி, பழைய பெருமையோடு.

"கோளாறே அங்கதாம்மா இருக்கு" என்றார் பவதாரிணி. "தூக்கம் பத்தலைன்னா உடம்புல இன்சுலின் சரியா வேல செய்யாது. பசி வேற கூடும். ராத்திரியும் முழிச்சு, பகல்லயும் முழிச்சா உடம்பு எதைத்தான் தாங்கும்? தூக்கம் மட்டும்தான் காரணம்னு சொல்ல மாட்டேன். உங்க மாமனாருக்கு இருந்திருக்கு, அந்த வழியாவும் வரலாம். ஆனா அண்ணே, நீங்க நடக்கிறதுக்காகத் தூக்கத்த வெட்டினீங்க பாருங்க, ஒரு கையால குடுத்து மறு கையால பிடுங்கிட்டீங்க. வேலைய மாத்த முடியாட்டிப் போகுது. மார்க்கெட் விட்டு வந்ததும் அறைய இருட்டாக்கிட்டுப் படுங்க. தினமும் ஒரே நேரம், ஏழு மணி நேரமாச்சும்."

கல்யாணத்துக்குப் போகாதே என்று சொன்னவரைப் பார்ப்பதுபோல டாக்டரைப் பார்த்தார் காளை. உண்மையில் டாக்டர் சொன்னதும் அதைத்தான்.

பட்டப்பகலில் ஆம்பளை படுத்துத் தூங்குவது எங்கள் பக்கத்தில் சாதாரண விஷயமா? ஜெயக்கொடி ஜன்னலுக்குப் போர்வையைக் கட்டி, வாசல் கதவைச் சாத்திய முதல் வாரமே, காளைக்கு என்னமோ ஆகிவிட்டது என்று சேதி பரவிவிட்டது. ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆப்பிளுமாக ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். வந்தவர்கள் சும்மா போவார்களா? தூங்குகிறவரை உலுக்கி எழுப்பி, "என்னண்ணே, உடம்புக்கு முடியலையா?" என்று விசாரித்தார்கள். போன் ஒரு பக்கம் ஓயாமல் அடித்தது. ஜெயக்கொடி அதை அரிசி டிரம்முக்குள் போட்டு மூடினாள். அது அங்கேயும் கிடந்து அலறியது.

அந்த அழைப்புகளில் பாதி மீனாவுடையது. காளையின் ஒரே தங்கச்சி. செக்கானூரணிப் பக்கம் வாழ்க்கைப்பட்டு, பல வருஷம் காத்திருந்து பெற்ற பிள்ளைக்குக் காதுகுத்து வைத்திருந்தாள். அண்ணன் போனை எடுக்கவில்லை. நேரில் வந்தால் மதினி வாசலில் நின்றுகொண்டு, "சாயங்காலம் வாத்தா, உங்கண்ணன் தூங்குறாரு" என்கிறாள். மீனா முகத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். அண்ணனை மதினி கைக்குள் போட்டுக்கொண்டாள் என்று சொந்தமெல்லாம் பேச்சு. ஜெயக்கொடி அழுதாள். ஆனாலும் கதவைத் திறக்கவில்லை.

காதுகுத்து நாள் பெரிய முகூர்த்த நாள். மார்க்கெட்டில் அன்றைக்கு மூச்சுவிட நேரமில்லை. விடிய விடிய ஏலம் விட்டுவிட்டு, மாலைக்கூடைகளோடு காளை நேராகக் குலசாமி கோயிலுக்கு வந்து சேர்ந்தார். கண் ரெண்டும் சிவந்து கிடந்தது. சீர்த்தட்டுகளை இறக்கி, தாய்மாமனாக ஜமுக்காளத்தில் உட்கார்ந்து, பிள்ளையை மடியில் வாங்கிக்கொண்டார். ஆசாரி காது குத்தினார். பிள்ளை வீறிட்டது. "ஒண்ணுமில்ல சாமி, ஒண்ணுமில்ல" என்று தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே வேப்பமரத்தடிக்குப் போய்ச் சாய்ந்தார். பிள்ளை தூங்கியது. தட்டிய கையும் நின்றுவிட்டது.

கிடாக்கறி தயார். பந்திக்கு ஆட்கள் உட்கார்ந்துவிட்டார்கள். அவர்கள் முறைப்படி தாய்மாமன் வந்து கை நனைக்காமல் யார் இலையிலும் சோறு விழாது. மீனா அண்ணனைத் தேடிக்கொண்டு மரத்தடிக்கு வந்தாள். ஜெயக்கொடி பதறிப்போய் முன்னால் ஓடினாள். இன்றைக்கு எல்லார் முன்னாலும் சண்டைதான் என்று நினைத்தாள்.

மீனா சண்டை போடவில்லை. வாய் லேசாகத் திறந்திருக்க, பிள்ளையை அணைத்தபடி கிடந்த அண்ணனைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"மதினி, எங்கண்ணன் தூங்கி நான் பாத்ததே இல்ல."

அது சத்தியம். அப்பாவுக்குக் கால் போனபோது அவள் பள்ளிக்கூடப் பிள்ளை. காலையில் அவள் கண் விழிக்கும்போது அண்ணன் மார்க்கெட்டுக்கு மூட்டை தூக்கப் போயிருப்பான். அவள் படுக்கும்போது இன்னும் விழித்திருப்பான். அவளைப் படிக்க வைத்ததும், கட்டிக்கொடுத்ததும் அந்தத் தூங்காத கண்கள்தான். மீனா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். ஜெயக்கொடியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மீனாவின் மாமனார் நல்லகாமன் பந்தியிலிருந்து சத்தம் போட்டார். "ஏத்தா, கறி ஆறுது! மாமனக் கூப்பிடு!"

"மாமன் தூங்குறாரு மாமா" என்றாள் மீனா.

"எழுப்பு!"

"எழுப்ப மாட்டேன். மாமன் உக்காராம சோறு போட்டா அது காதுகுத்தா? முறை முறைன்னு நீங்கதான சொல்லுவீக. செத்த பொறுங்க."

முறையைச் சொல்லி மடக்கினால் நல்லகாமன் என்ன செய்வார்? கொட்டுக்காரர்களைப் பார்த்துக் கையை அமர்த்தினார். குழாய் ஸ்பீக்கரையும் நிறுத்தச் சொன்னார். கறி வாசம் மூக்கைத் துளைக்க, வெறும் இலைகளுக்கு முன்னால் அத்தனை சொந்தமும் காத்துக் கிடந்தது. முதலில் முணுமுணுத்தவர்கள்கூட மெல்ல மெல்ல அடங்கிப்போனார்கள். அங்கே இருந்தவர்களில் காளையிடம் மாலை சொல்லி வாங்காத குடும்பம் ஒன்றுகூட இல்லை. ஜெயக்கொடி மரத்தடியிலேயே உட்கார்ந்து முந்தானையால் ஈ விரட்டினாள். அவளுக்கு அந்தக் கூட்டம் முழுவதையும் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம்போல இருந்தது.

வெயில் மரத்தைத் தாண்டி முகத்தில் அடித்தபோது காளை கண் திறந்தார். இலைகளையும் ஆட்களையும் பார்த்துத் திடுக்கிட்டு எழுந்தார். "ஏன்டி, எழுப்பக் கூடாதா? மானம் போச்சு!" என்று ஜெயக்கொடியிடம் பாய்ந்தார். பந்தி மொத்தமும் சிரித்தது. "வாங்க மாமா, பசி உசுரு போகுது" என்று யாரோ கத்தினார்கள்.

அதற்குப் பிறகு மத்தியானத்தில் அவருக்கு யாரும் போன் அடிப்பதில்லை. மறந்துபோய் அடித்தவர்களை மீனா கூப்பிட்டு வைது தீர்த்தாள். மாலை சொல்ல வேண்டுமானால் விளக்கு வைத்த பிறகுதான். விசேஷ வீடுகளுக்கும் அவர் அப்போதுதான் தலை காட்டினார், யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. சாயங்காலம் எழுந்து வெளிச்சத்தோடு நடந்தார்.

தை மாசம் பவதாரிணி மறுபடி சோதித்துப் பார்த்தார். சர்க்கரை நன்றாக இறங்கியிருந்தது. இப்படியே தொடர வேண்டும், விட்டால் திரும்ப ஏறும் என்று எச்சரித்துவிட்டு, "நல்ல முயற்சிண்ணே. எப்படிச் சாதிச்சீங்க?" என்று கேட்டார்.

காளை கூச்சத்தோடு ஜெயக்கொடியைப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"நான் ஒண்ணும் பண்ணல டாக்டர். எங்க சொந்தக்காரங்க தூங்க விட்டாங்க."