கையைத் தூக்கும் பிள்ளை

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, ஒரு பள்ளித் தவணை முழுக்கப் பிழை விட்டே அப்பாவுக்குப் பெருமை தேடிக் கொடுத்தேன். அது எப்படி என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

நாங்கள் அப்போது இந்த வெள்ளைக்காரர் ஊரில், டூட்டிங் என்ற பகுதியில், ஒரு சாப்பாட்டுக் கடைக்கு மேலே குடியிருந்தோம். கீழே கொத்துரொட்டி போடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டுதான் மேலே நான் வீட்டுப்பாடம் செய்வேன். ஒருநாள் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு, ஆற்றங்கரையில் இருக்கும் ஒரு பேராலயத்திலிருந்து ஒரு அம்மையார் வந்தார். பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, பியானோவில் ஒரு கட்டையைத் தட்டி, அதே சுருதியில் பாடச் சொன்னார். நானும் பாடினேன். ஞாயிறு பூசையில் அம்மாவுக்குப் பக்கத்தில் நின்று பாடிப் பழகிய தொண்டை என்னுடையது. கொஞ்ச நாளில், பிள்ளையைப் பாடகர் குழாமில் சேர்க்க விருப்பமா என்று கேட்டு வீட்டுக்குத் தொலைபேசி வந்தது.

அம்மாவுக்கு முதலில் மனம் ஒப்பவில்லை. நாங்கள் மன்னார்க் கத்தோலிக்கர். அதுவோ ஆங்கிலிக்கன் சபைக் கோயில். எங்கள் பங்குச் சுவாமியாரிடம் போய்க் கேட்டார். "அவையளும் அதே திருப்பாடலைத்தானே பாடினம், பிள்ளை பாடட்டும்" என்று அவர் சொன்ன பிறகுதான் அம்மா சம்மதித்தார். அப்பாவுக்கு இந்தக் கேள்வியே எழவில்லை. அவ்வளவு பெரிய கோயில் தன் மகனைக் கூப்பிட்டிருக்கிறது. அதற்குமேல் அவருக்கு ஒன்றும் தேவையாக இருக்கவில்லை.

இங்கத்தைப் பேராலயங்களில் பிள்ளைகள் பாடுவது பல நூறு வருஷத்து வழக்கம். மாலை வழிபாட்டுக்குக் கோயில் நிறைந்தாலும் சரி, மழைக்கு ஒதுங்கிய இரண்டு பேர் மட்டும் இருந்தாலும் சரி, பாட்டில் ஒரு குறையும் வைக்கமாட்டார்கள். இரண்டு பக்கமாகப் பிரிந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி நின்று, திருப்பாடலை இந்தப் பக்கம் ஒரு வசனம், அந்தப் பக்கம் ஒரு வசனம் என்று மாறி மாறிப் பாடுவோம். புதிதாகச் சேர்ந்த பிள்ளைக்குச் சிவப்பு நீள அங்கி மட்டும் கொடுப்பார்கள். அதற்குமேல் போடுகிற வெள்ளை அங்கி உடனே கிடைக்காது. ஒரு வருஷம் பழகி, பாட்டு மாஸ்டர் சரி என்று சொன்னால்தான் கிடைக்கும். சொல்லாவிட்டால், கைகொடுத்து, நன்றி சொல்லி, வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

அந்த ஒரு வருஷத்தில் எனக்கு அது கடைசித் தவணை. அந்த வெள்ளை அங்கியில் எனக்கு எவ்வளவு ஆசை என்றால், வீட்டில் யாரும் இல்லாத நேரம் தலையணை உறையைத் தோளில் போட்டுக்கொண்டு கண்ணாடி பார்த்திருக்கிறேன்.

இனித்தான் முக்கியமான விஷயம். அந்தப் பாடகர் குழாமில் ஒரு பழக்கம் இருந்தது. பயிற்சியில் யாராவது பிழை விட்டால், விட்ட பிள்ளை உடனே கையைத் தூக்கவேண்டும். தோள் உயரத்துக்கு, ஒரு கணம், அவ்வளவுதான். பாட்டை நிறுத்தக்கூடாது. வாய் பாட்டுக்குப் பாடிக்கொண்டிருக்க, கை மட்டும் போய்வரும். என் பிழைதான், எனக்குத் தெரியும், அடுத்த முறை திருத்திக்கொள்கிறேன் என்பது அதன் பொருள். மாஸ்டர் தலையை ஆட்டிவிட்டு மேலே போய்விடுவார். பிழை கேட்டும் ஒருவரும் கை தூக்காவிட்டால்தான் அவர் நிறுத்துவார். அப்போது எல்லோரும் திரும்பவும் முதலிலிருந்து பாடவேண்டும்.

அப்பாவுக்கு விடிய முதல் தொடங்குகிற ஷிப்ட். அதை முடித்துக்கொண்டு வந்து, பின்னேரம் என்னைப் பள்ளிக்கூட வாசலில் கூட்டிக்கொண்டு நோர்தேர்ன் லைன் ரயிலில் கோயிலுக்குக் கொண்டுபோவார். வழிபாட்டுக்கு முன் கோயிலுக்குள்ளேயே கொஞ்ச நேரம் பயிற்சி நடக்கும். அப்பா குளிர்ச் சட்டையைக் கழற்றாமல் ஒரு நீள மர வாங்கில் உட்கார்ந்திருந்து பார்ப்பார். அவர் படித்த பள்ளிக்கூடத்தில், கை தூக்குகிற பிள்ளை என்றால் விடை தெரிந்த பிள்ளை. இங்கே அவர் கண்டது என்ன? மற்றப் பிள்ளைகள் எல்லாம் சும்மா நிற்க, தன்னுடைய மகன் அடிக்கொருதரம் கையைத் தூக்குகிறான். மாஸ்டரும் அவனைப் பார்த்துத் தலையை ஆட்டுகிறார்.

இதைக் கண்ட அன்றைக்கே, நகரத்தின் மறுபக்கம் இல்ஃபோர்டில் இருந்த மாமாவுக்குத் தொலைபேசி எடுத்தார். மாமா அம்மாவின் தம்பி. கணக்காளர், கார் வைத்திருப்பவர். அவருடைய பிள்ளைகள் தமிழ்ப் பள்ளிப் பேச்சுப் போட்டியில் வாங்கிய கோப்பைகளைப் பற்றி நாங்கள் கேட்டுக் கேட்டுக் களைத்திருந்தோம்.

"மச்சான், மற்றப் பெடியள் வாயைப் பிளந்துகொண்டு நிக்கிறாங்கள். எங்கட பெடியன்தான் டக்கு டக்கெண்டு கையைத் தூக்கிறான். மாஸ்டருக்கே ஆச்சரியம்."

எனக்குப் பயமாக இருந்தது. அம்மாவிடம் குசினியில் வைத்து உண்மையைச் சொன்னேன். அம்மா சோற்றை வடித்தபடியே கேட்டார். வடித்து முடித்துச் சட்டியை இறக்கி வைத்தார்.

"சரி ராசா, நீ பாட்டைப் பார். அப்பாவுக்கு நான் சொல்லுறன்."

சொல்லத்தான் பார்த்தார். "இஞ்சருங்கோ, அந்தக் கை தூக்கிறது என்ன ஏதெண்டு மாஸ்டரிட்டை ஒருக்காக் கேட்டுப்பாருங்கோவன்" என்று மெதுவாகத் தொடங்கினார்.

"உமக்கு உதொண்டும் விளங்காது. நான்தானே ஒவ்வொரு நாளும் நேரில பாக்கிறன்."

அம்மா அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அடுத்த கிழமை முழுக்க நான் மினக்கெட்டுப் பழகினேன். குளிக்கும்போதும் பாடினேன், படியேறும்போதும் பாடினேன். கீழே கடைக்காரர் கொத்துப் போடுவதை நிறுத்திவிட்டு மேலே பார்த்தார் என்று அம்மா சொன்னார். ஒருநாள் பயிற்சியில் ஒரு பிழையும் விடவில்லை. கை இரண்டும் புத்தகத்திலேயே இருந்தன. மாஸ்டர் என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் மிதந்துகொண்டு வெளியே வந்தேன்.

அப்பா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

"என்ன, சுகமில்லையோ?"

"இல்லையப்பா, நல்லாத்தான் இருக்கிறன்."

"பிறகேன் ஒருக்காக்கூடக் கை தூக்கேல்லை? தெரிஞ்சதைத் தெரியுமெண்டு காட்டவேணும். பின்னுக்கு நிண்டா இந்த நாட்டில ஒருத்தரும் எங்களைக் கண்டுகொள்ளமாட்டினம்."

ரயில் நிலையத்துக்குப் போகிற வழியில் வழக்கமாக வாங்கித் தருகிற சிப்ஸையும் அன்று அவர் மறந்துவிட்டார்.

அதனால் அடுத்த பயிற்சியில் என்ன செய்தேன் தெரியுமா? பிழை விடாமலே கையைத் தூக்கினேன். இரண்டு தரம் தூக்கியதும் மாஸ்டர் பாட்டை நிறுத்தினார். எந்த இடத்தில் பிழை விட்டாய் என்று கேட்டார். நான் புத்தகத்தைப் புரட்டினேன். பக்கத்தில் நின்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மாஸ்டர் சிரிக்கவில்லை. உன்னுடைய பிழைக்கு மட்டும் கையைத் தூக்கு, இல்லாததற்குத் தூக்கினால் உள்ளதை நான் எப்படிக் கண்டுபிடிப்பது என்று ஆங்கிலத்தில் அமைதியாகச் சொன்னார். தூரத்து வாங்கில் இருந்த அப்பாவுக்கு அது கேட்டிருக்காது. மாஸ்டர் மகனுடன் தனியாகப் பேசியது மட்டும் தெரிந்திருக்கும். அன்றைக்குச் சிப்ஸ் பெரிய பொட்டலமாகக் கிடைத்தது.

இப்படியே போய், தவணை முடிகிற நேரம் வந்தது. யார் யாருக்கு வெள்ளை அங்கி என்று அந்தச் சனிக்கிழமை வழிபாட்டுக்குப் பிறகு சொல்வதாக மாஸ்டர் அறிவித்திருந்தார். அப்பா மாமாவையும் வரச் சொல்லிவிட்டார். அதுவும் வழிபாட்டுக்கு அல்ல, பயிற்சிக்கே நேரத்தோடு வரச் சொன்னார். இல்ஃபோர்டிலிருந்து நேரே வர எலிசபெத் லைன் ரயில் எல்லாம் இல்லாத காலம். மாமா காரைக் கொண்டுவந்து நாங்கள் குடியிருந்த கடைக்குப் பின்னால் நிறுத்திவிட்டு, எங்களோடு ரயிலில் வந்தார்.

நான் என் இடத்தில் போய் நின்றேன். எதிரே தூண்களுக்கு அப்பால் அப்பாவும் மாமாவும் தெரிந்தார்கள். அவர்களுக்குப் பக்கத்தில் இன்னொரு பாடகப் பிள்ளையின் தாய், ஒரு ஆங்கிலேயப் பெண்மணி, கம்பளி பின்னிக்கொண்டிருந்தார். பிழை விட்டால் அங்கி போய்விடும். விடாவிட்டால் மாமாவுக்கு முன்னால் அப்பாவின் முகம் போய்விடும். இதையே யோசித்துக்கொண்டு நின்றதில் பாட்டைக் கோட்டைவிட்டேன். எல்லோரும் மூச்சுவாங்கி ஒரு கணம் நிற்கவேண்டிய இடத்தில், நான் மட்டும் தனியாகக் குரலெடுத்தேன். அந்தக் கோயிலின் கூரை ஒன்றையும் சும்மா விடாது. என் குரலை வாங்கிக்கொண்டுபோய், மெல்ல மெல்ல உருட்டி, பின் கதவுவரை கொண்டுபோய் விட்டது.

என் கை எழும்பியது. நான் யோசித்துத் தூக்கவில்லை. அது தானாக எழும்பி இறங்கியது. நான் தொடர்ந்து பாடினேன். மாஸ்டர் தலையை ஆட்டினார், பாட்டு மேலே போனது.

எதிரே பார்த்தேன். அப்பா மாமாவின் பக்கம் திரும்பி, 'கண்டியோ' என்பது போலப் புருவத்தை உயர்த்தினார். மாமா பக்கத்தில் இருந்த பெண்மணியிடம் குனிந்து ஏதோ கேட்டார். அந்தப் பெண்மணி ஊசியைக் கீழே வைத்துவிட்டு, தன் கையைத் தோள்வரை தூக்கிக் காட்டி, இரண்டு பேருக்கும் நெடுநேரம் ஏதோ சொன்னார். மாமாவின் தோள்கள் குலுங்கின. மாமா எதற்கும் சிரிக்கிறவர் என்பதால் நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. அப்பா அந்தப் பெண்மணிக்கு மரியாதையாகத் தலையை ஆட்டிவிட்டு, நேரே பார்த்தபடி இருந்தார். அன்று முதல் தடவையாகக் குளிர்ச் சட்டையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

வழிபாடு முடிந்ததும் மாஸ்டர் எங்களிடம் வந்தார். அப்பாவுக்குக் கைகொடுத்து, வருகிற மாதம் உங்கள் மகனுக்கு வெள்ளை அங்கி போடுகிறோம், குடும்பமாக வாருங்கள் என்றார். அப்பா "தாங்க்யூ சேர், தாங்க்யூ" என்று சொல்லிக்கொண்டே இருந்தார், கையை விடவில்லை. மாஸ்டர்தான் மெதுவாகத் தன் கையை விடுவித்துக்கொண்டார்.

வழி முழுக்க நான்தான் பேசிக்கொண்டு வந்தேன். அப்பா பெரிதாக ஒன்றும் பேசவில்லை. சந்தோசத்தில் பேச்சு வரவில்லையாக்கும் என்று நினைத்தேன்.

வீட்டில் அம்மா மீன் பொரித்து வைத்திருந்தார். நான் வாசலிலேயே செய்தியைச் சொல்லிவிட்டேன். அம்மா என் தலையைத் தடவிவிட்டுச் சாப்பாட்டைப் போட்டார். மாமா இரண்டு வாய் சாப்பிட்டிருப்பார். திரும்பவும் சிரிக்கத் தொடங்கிவிட்டார்.

"என்னடா தம்பி, தனியச் சிரிக்கிறாய்?" என்று அம்மா கேட்டார்.

"என்னைக் கேக்காதேங்கோ அக்கா. அத்தானைக் கேளுங்கோ."

அம்மா அப்பாவைப் பார்த்தார். அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை, சாப்பாட்டை நிறுத்தவும் இல்லை. இடது கையை மட்டும் தோள் உயரத்துக்குத் தூக்கி, ஒரு கணம் அப்படியே வைத்திருந்துவிட்டு இறக்கினார்.

மாமாவின் சிரிப்பு நின்றுவிட்டது. அம்மா எழுந்துபோய்ப் பொரித்த மீனில் நடுத்துண்டை எடுத்துவந்து அப்பாவின் சோற்றுக் கோப்பையில் வைத்தார்.

அப்பாவுக்குச் சொதி வேணுமாக்கும் என்று நினைத்து, நான் சொதிச் சட்டியை அவர் பக்கம் தள்ளினேன். அவரும் வாங்கி ஊற்றிக்கொண்டார்.