டீக்கடைக் கூரையில் ஒரு காடு

விஜியின் வேலைக்கு நல்ல நீளமான பெயர் ஒன்று உண்டு. ராஜபாளையத்தில் யாருக்கும் அது வாயில் நுழையாததால், "கம்ப்யூட்டர்ல மரத்துக்குப் புள்ளி வைக்கா" என்று மாமியார் சொல்லிவிடுவார். பல்கலைக்கழகம் தந்த பெயரைவிட அதுதான் சரி.

மலையைப் பார்த்து நிற்கும் பல்கலைக்கழகம் அது, பெயர் வேண்டாம். அதன் பசுமைத் திட்டங்கள் அத்தனையும் ஒரே வரைபடத்தில் தெரியும்: சோலார் தகட்டுக்கு மஞ்சள் புள்ளி, மழைநீர்த் தொட்டிக்கு நீலம், மரக்கன்றுக்குப் பச்சை. அந்தப் படத்தையும், மாணவர்கள் செல்போனில் பதிகிற செயலியையும் அமைத்தவள் விஜி. தற்காலிக ஊழியர், அந்தத் தற்காலிகம் மட்டும் வருஷா வருஷம் தவறாமல் நீண்டு வந்தது. மதிப்பீட்டுக் குழு வந்து தலையாட்டினால் வேலை நிரந்தரம் என்று பேராசிரியர் நவநீதகிருஷ்ணன் வாக்குக் கொடுத்திருந்தார்.

குழு வருவதற்கு முந்தைய நாள்தான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். வத்திராயிருப்பு மலையடிவாரத்தில் நட்ட கன்றுகளில் ஒன்றுகூட அங்கே இல்லை. அத்தனையும் பஸ் ஸ்டாப் பக்கம், சேக் முகைதீன் டீக்கடைக் கூரைமேல் அடர்ந்து நின்றன.

மலையடிவாரத்தில் சிக்னல் கிடையாது. பிள்ளைகள் கன்றை நட்டு, போட்டோ எடுத்து, கடைக்கு வந்து வடையைக் கடித்துக்கொண்டே அனுப்பியிருக்கிறார்கள். செயலியோ அனுப்பிய இடத்தை நட்ட இடமாக எழுதிக்கொண்டது. அப்படி எழுதும்படி அமைத்தவள் விஜியேதான்.

"இம்புட்டுத்தானா? புள்ளிய இழுத்து மலைப் பக்கம் விட்டுருங்க" என்றார் பேராசிரியர்.

"மலையில எங்கன சார்?"

"மலைதானம்மா, எங்கன விட்டா என்ன?"

இழுத்தாள். முதல் புள்ளி பாறைமேல் உட்கார்ந்தது. இரண்டாவது பிளவக்கல் அணைத் தண்ணீருக்குள் விழுந்தது. மூன்றாவதை இழுக்கக் கை வரவில்லை. இரண்டையும் கடைக்கே திருப்பி அனுப்பிவிட்டு வீட்டுக்கு பஸ் ஏறினாள்.

மறுநாள் குழுத் தலைவி கல்பனா படத்தைப் பார்த்தார். "இங்க நல்ல அடர்த்தியா இருக்கே! இதையே நேர்ல பாத்துருவோம்."

சாப்பாடு ஆறிவிடும் என்றார் பேராசிரியர். கார் கிளம்பிவிட்டது.

"காடா?" சேக் முகைதீன் பாய்லர் பக்கமிருந்து தலை தூக்கினார். "ஒரு வேம்பு நிக்கி. அதும் தானா மொளச்சது. டீ போடவா?"

பேராசிரியர் வேம்பை அண்ணாந்து பார்த்தார், ஏறி ஒளிந்துகொள்ள இடமிருக்குமா என்பதுபோல.

காரில் கூட வந்திருந்த விஜி நடந்ததைச் சொன்னாள். "தப்பு என்னுது மேடம். நட்டது நெசம். எங்கன நிக்கி, எது பொழச்சுதுன்னு போய்ப் பாத்தாத்தான் தெரியும்."

"போய்ப் பாக்க யார் இருக்கா?"

பேராசிரியர் விஜியைப் பார்த்தார்.

குழுவின் அறிக்கை வந்தது: வரைபடம் ஏற்கப்படவில்லை, ஒவ்வொரு கன்றையும் நேரில் சரிபார்க்க வேண்டும். ஆக, நிரந்தரம் இல்லை. இன்னொரு வருஷத் தற்காலிகம், வெயிலோடு சேர்த்து.

இப்போது செயலியைத் திருத்திவிட்டாள். கன்றின் பக்கத்தில் நின்றே இடத்தைப் பதிகிறாள். அனுப்புவது மட்டும் பழையபடி கடையிலிருந்து; சிக்னலும் வடையும் அங்கேதான். மலையில் ஒரு புள்ளி ஏறினால் கூரையில் ஒன்று குறையும்.

"என்ன தாயி, இன்னைக்கு என் காட்டுல எம்புட்டு வெட்டுன?"

"ஒம்பது, பாய். அதுல ரெண்டு அங்கயும் இல்ல, பட்டுப்போச்சு."

"அப்ப அந்த ரெண்டையும் இங்கனயே விட்டுட்டுப் போ. எனக்குப் பாரமா என்ன?" என்று டீயை நீட்டினார்.

விஜி சிரித்தாள். இரண்டையும் அழித்துவிட்டுத்தான் கிளாஸைக் கையில் வாங்கினாள்.